தண்ணீர்ப்பள்ளி ஆசிரமத்துல தங்கறது எப்படின்னு கேட்டவங்களுக்கு

போன வாரம் காவிரிக்கரை போட்டோ ஒண்ணு போட்டு, "இங்க ஆறு நாள் இருந்தேன்"னு ரெண்டே வரி எழுதியிருந்தேன். அதுக்கு இன்பாக்ஸ்ல இவ்வளவு கேள்வி வரும்னு நினைக்கல. எவ்வளவு செலவு? கிறிஸ்தவங்க மட்டும்தானா? மதம் மாத்துவாங்களா? அம்மாவைக் கூட்டிட்டுப் போலாமா? சுகர் மாத்திரை சாப்பிடறவங்க தங்கலாமா? ஒரே ஒருத்தர் மட்டும், "டாக்டர், நீங்க ஏன் போனீங்க?"ன்னு கேட்டிருந்தார். தனித்தனியா பதில் எழுத ட்யூட்டி விடாது. எல்லாத்தையும் இங்கயே சொல்லிடறேன். த்ரெட் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

முதல்ல இடம். கரூர் மாவட்டம், குளித்தலைக்குப் பக்கத்துல தண்ணீர்ப்பள்ளி. சச்சிதானந்த ஆசிரமம்னு பேரு. சாந்திவனம்னு கேட்டாத்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். நான் சிலமலைக்காரன். போடியில பஸ் ஏறி தேனி, திண்டுக்கல், மணப்பாறை, அங்கேருந்து குளித்தலை. ரயில்ல வர்றவங்களுக்கு கரூர் - திருச்சி பாதையில குளித்தலை ஸ்டேஷன் இருக்கு.

1950-ல பிரான்ஸ்ல இருந்து வந்த ரெண்டு பாதிரியார்கள் ஆரம்பிச்ச ஆசிரமம் இது. ஒருத்தர் ஜூல்ஸ் மோன்ஷானன். அதுக்கு முன்னாடியே குளித்தலையில பங்குச் சாமியாரா இருந்தவர். இன்னொருத்தர் ஹென்றி லெ சோ. அபிஷிக்தானந்தான்னு பேர் வச்சுக்கிட்டு, காவி கட்டிக்கிட்டு, ரமணரைப் பாத்துட்டு வந்து திருவண்ணாமலைக் குகைகள்ல உக்காந்திருந்தவர். 1957-ல மோன்ஷானன் இறந்துட்டார். லெ சோ மெல்ல மெல்ல இமயமலைப் பக்கம் போயிட்டார். 1968-ல பீட் கிரிஃபித்ஸ்ங்கற இங்கிலாந்துத் துறவி வந்து பொறுப்பேத்துக்கிட்டார். அவர் எங்கேருந்து வந்தாருன்னு படிச்சப்ப எனக்கு ஆச்சரியம். நம்ம ஏலமலைக்கு அந்தப் பக்கம், வாகமண்ல இருக்கற குரிசுமலை ஆசிரமத்துல இருந்து. அதை 1958-ல பிரான்சிஸ் ஆச்சார்யாவோட சேர்ந்து தொடங்கினவர். மாடு வளர்த்து பால் வித்துப் பிழைக்கற துறவிகள் அவங்க. போடி மெட்டு ஏறி எத்தனையோ தடவை கேரளா போயிருக்கேன், குரிசுமலைன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது.

டாக்டருக்கும் ஆசிரமத்துக்கும் என்ன சம்பந்தம்னு ஒரு நண்பர் கிண்டல் பண்ணினார். 1921-லயே திருப்பத்தூர்ல கிறிஸ்துகுல ஆசிரமம்னு ஒண்ணு தொடங்கினவங்க ரெண்டு பேருமே டாக்டர்கள்தான். ஜேசுதாசன், பேட்டன். ஆசிரமத்தோட ஆஸ்பத்திரியும் நடத்தினாங்க. நான் அந்த ரகம் இல்ல. சும்மா தூக்கம் வராம போனவன்.

இப்ப ஏன் போனேங்கற கேள்வி.

போன ஐப்பசி. ஏலக்காய் எடுப்பு நடக்கற சமயம். நம்ம ஊர்ல விடியக்காலம் ஜீப் ஜீப்பா ஆளுங்க மலையேறுவாங்க, தெரியுமில்ல. அதுல ஒரு அண்ணன், எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கறவர். எஸ்டேட்ல மருந்தடிக்கப் போனவர். முதுகுல மாட்டின டேங்க் ஒழுகி, சட்டையெல்லாம் ஊறி, அதோடயே சாயங்காலம் வரைக்கும் அடிச்சிருக்கார். ராத்திரி வாந்தி, எச்சில் ஒழுகுது, வேர்த்துக் கொட்டுது, கண்மணி ஊசிமுனையா சுருங்கியிருக்கு. படிச்ச எவருக்கும் பாத்ததும் தெரியும், ஆர்கனோபாஸ்பேட். அன்னைக்கு நான்தான் ட்யூட்டி. சட்டையைக் கழட்டி சோப்பு போட்டுக் குளிப்பாட்டி, ராத்திரி முழுக்க அட்ரோபின் ஏத்தினோம். விடியறப்ப நெஞ்சு சளி காஞ்சு, நாடித்துடிப்பு ஏறி, என்னைப் பாத்து "தம்பி, டீ குடிக்கலாமா"ன்னு கேட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்குப் போறேன்னார். பேசினார், நடந்தார். நான் டிஸ்சார்ஜ் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த ராத்திரி மூச்சு நின்னு போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வர்றப்ப உயிர் இல்ல.

இந்த விஷத்துல ஒரு ரெண்டாவது கட்டம் இருக்கு. முதல் அறிகுறியெல்லாம் அடங்கி, ஆள் தேறிட்டாருன்னு நாம நினைக்கறப்ப, 24 மணி நேரத்துல இருந்து 96 மணி நேரத்துக்குள்ள கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துடும். 1987-ல இலங்கையைச் சேர்ந்த சேனநாயக்க, கரள்ளியத்த ரெண்டு பேரும்தான் இதை முதல்ல விவரமா எழுதினாங்க. வந்தா அட்ரோபின் கேக்காது, வென்டிலேட்டர்தான். கண்டுபிடிக்க பெரிய டெஸ்ட் எதுவும் வேணாம். படுத்திருக்கறவரை, "தலையணையில இருந்து தலையைத் தூக்குங்க"ன்னு சொல்லணும். தூக்க முடியலைன்னா அனுப்பக்கூடாது. தூக்கினாலும் அத்தனை சீக்கிரம் அனுப்பக்கூடாது. எனக்கு இது தெரியும். பரீட்சையில எழுதியிருக்கேன். அன்னைக்கு நான் அதைச் சொல்லிப் பாக்கல. வார்டு நிரம்பியிருந்துச்சு, அவர் சிரிச்சுக்கிட்டிருந்தார்.

அதுக்கப்புறம் அந்தத் தெரு வழியா பைக்ல போறதை விட்டுட்டேன். சுத்திப் போவேன். ராத்திரி கண்ணை மூடினா, தலையைத் தூக்குங்கன்னு யாரோ சொல்ற மாதிரியே இருக்கும். நான்தான் சொல்றேன். ஆறு வாரம் இப்படிப் போச்சு. மனநல மருத்துவரா இருக்கற என் சீனியர்கிட்ட பேசினேன். மருந்து கொடுத்தார், லீவு எடுன்னார். அவர்தான் இந்த இடத்தையும் சொன்னார். இந்த வரிசையைக் கவனிங்க. முதல்ல டாக்டர், அப்புறம்தான் ஆசிரமம்.

சரி, உங்க கேள்விகளுக்கு வர்றேன்.

செலவு: நான் தங்கினப்ப இவ்வளவு கட்டணும்னு யாரும் கேக்கல. கிளம்பறப்ப நம்மளால முடிஞ்சதைக் கொடுக்கறதுதான். ஆனா ஓசின்னு நினைச்சுப் போகாதீங்க. லாட்ஜ்ல ரூம் போட்டு ஹோட்டல்ல சாப்பிட்டா என்ன ஆகும்னு கணக்குப் போட்டுக் கொடுத்துட்டு வந்தேன். முன்கூட்டியே எழுதிக் கேட்டு, வாங்கன்னு பதில் வந்த பிறகுதான் போகணும். திடுதிப்புனு பையைத் தூக்கிட்டுப் போய் நிக்காதீங்க, சில மாசங்கள்ல வெளிநாட்டுக்காரங்க நிறைய பேர் வருவாங்க.

அறை: ஒரு கட்டில், ஒரு மேஜை, கொசுவலை. கொசுவலை அலங்காரத்துக்கு இல்ல, காவிரிக்கரைக் கொசு நம்ம மலைக்கொசுவை விட வீரியம். டார்ச், போர்வை, கொசு மருந்து எடுத்துட்டுப் போங்க.

சாப்பாடு: சைவம். தரையில உக்காந்து, பேசாம சாப்பிடணும். முட்டிவலிக்காரங்க முன்னாடியே சொல்லிட்டா நாற்காலி கிடைக்கும், கூச்சப்படாதீங்க. காலையில காய் நறுக்க உக்காருவாங்க, நாமளும் போய் உக்காரலாம். எனக்கு அங்க ரொம்பப் பிடிச்சது அந்த வேலைதான். பூசணிக்காயை நறுக்கறப்ப யாரும் நம்மகிட்ட பிபி பாக்கச் சொல்றதில்ல. (மூணாவது நாள் ஒரு பாட்டி கண்டுபிடிச்சுட்டாங்க. பிபி பாத்தேன்.)

மதம் மாத்துவாங்களா? எங்கம்மா கேட்டதும் இதேதான். எங்கம்மா வருஷா வருஷம் சித்திரைக்கு வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கறவங்க. போன்ல நான் சொன்னேன்: "அம்மா, காலையில நெத்தியில சந்தனம் வைக்கறாங்க, மத்தியானம் குங்குமம், சாயங்காலம் விபூதி." கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அப்ப அது என்ன கோயில்டா?"ன்னு கேட்டாங்க. நல்ல கேள்வி. சர்ச்சுக்குக் கோபுர வாசல். மேல மூணு முகம் கொண்ட ஒரு உருவம், அவங்க திரித்துவத்தை அப்படிக் காட்டியிருக்காங்க. பிரார்த்தனையில உபநிஷத்தும் வரும், தமிழ்ப் பக்திப் பாட்டும் வரும், பைபிளும் வரும். இதுக்காகவே ரெண்டு பக்கமும் இவங்களைத் திட்டினவங்க உண்டு. மதம் மாத்தற தந்திரம்னு இந்துக்கள் சிலர், இது கிறிஸ்தவமே இல்லைன்னு கிறிஸ்தவங்க சிலர். ஆறு நாள்ல என் சாதி, மதம், நம்பிக்கை எதையும் ஒருத்தரும் விசாரிக்கல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

பிரார்த்தனைக்குக் கட்டாயம் போகணுமா? நான் முதல் ரெண்டு நாள் போகல, தூங்கினேன். யாரும் கதவைத் தட்டல. திருப்பலியில நற்கருணை வாங்கலாமான்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. அது கத்தோலிக்கருக்கானது. மத்தவங்க பேசாம உக்காந்திருக்கலாம், அதுதான் மரியாதை.

பெண்கள் தனியா தங்கலாமா? நான் இருந்தப்ப தனியா வந்திருந்தாங்க, வயசானவங்களும் சின்னப் பொண்ணுங்களும்.

இன்னொண்ணு. நம்ம பக்கம் "தியானத்துக்குப் போறேன்"னா பெரும்பாலும் கேரளாவுல முரிங்கூர் மாதிரி பெரிய மையங்கள்தான் ஞாபகம் வரும். ஆயிரக்கணக்கான பேர், பிரசங்கம், பாட்டு, ஒரு வார நிகழ்ச்சி. இது அது இல்ல. இங்க உங்களுக்கு நிகழ்ச்சி எதுவும் கிடையாது. மணி அடிக்கும், மிச்ச நேரம் நீங்களும் ஆத்தங்கரையும்தான். அதனாலதான் எல்லாருக்கும் இது ஒத்துவராதுன்னு சொல்றேன். தற்கொலை எண்ணம் இருக்கறவங்க, காதுல குரல் கேக்கறவங்க, மனநல மாத்திரையை சமீபத்துல மாத்தினவங்க, தயவுசெஞ்சு தனியா எந்த ஆசிரமத்துக்கும் போகாதீங்க. உங்க டாக்டரைக் கேளுங்க. மௌனம் அவங்களுக்கு மருந்தா இருக்காது.

குடியை நிறுத்த ஆசிரமத்துக்கோ தியானத்துக்கோ கூட்டிட்டுப் போகலாமான்னு நிறைய வீட்டம்மாக்கள் கேட்டிருக்கீங்க. தினமும் குடிக்கறவர் திடீர்னு நிறுத்தினா முதல் சில நாள்தான் ஆபத்து. கை நடுங்கும், வலிப்பு வரலாம், ஆள் யாரு என்னன்னு தெரியாம உளறலாம், உயிரும் போகலாம். முதல்ல ஆஸ்பத்திரி, அந்த நாட்கள் தாண்டட்டும். பிரார்த்தனை எங்கயும் ஓடிப் போகாது. எங்ககிட்ட ஒரு அம்மாவைக் கொண்டு வந்தாங்க, வலிப்பு மாத்திரையை ஒரு கூட்டத்துல யாரோ "இனி வேணாம்"னு சொல்லி நிறுத்தி, தொடர் வலிப்பு. எங்கங்கறது இங்க வேணாம். எந்தச் சாமி பேர்ல யார் சொன்னாலும் மாத்திரையை நிறுத்தாதீங்க.

சுகர்காரங்க: சாப்பாட்டு நேரம் அவங்க நேரம். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையைப் போட்டுட்டு மணி அடிக்கற வரைக்கும் வெறும் வயித்துல உக்காந்திருந்தா சுகர் இறங்கிடும். பையில பிஸ்கட் வச்சுக்கங்க, தியானத்துக்கு நடுவுல தின்னாலும் தப்பில்ல. இன்சுலினுக்கு ஃபிரிட்ஜ் இல்லையேன்னு பயப்படாதீங்க, திறந்த பாட்டில் வெயில் படாத குளுமையான இடத்துல நாலு வாரம் தாங்கும். ஈர மணல் போட்ட மண்சட்டிக்குள்ள வைக்கற நம்ம ஊர் வழக்கம் நல்ல வழக்கம். மருந்துச்சீட்டு ஒரு நகல் கையோட இருக்கட்டும்.

பீட் கிரிஃபித்ஸுக்கே 1990 ஜனவரியில அங்க பக்கவாதம் வந்துச்சு. தேறி, அப்புறமும் வெளிநாடெல்லாம் போய்ப் பேசிட்டு வந்து, 1993 மே மாசம் இறந்தார். அந்த வளாகத்துலயே அடக்கம். தினமும் சாயங்காலம் அவர் சமாதிப் பக்கம் போய் உக்காருவேன். காரணமெல்லாம் இல்ல, அங்க நிழல் நல்லா இருக்கும்.

நாலாவது நாள் அங்கதான் வயசான சாமியார் ஒருத்தர் வந்து பக்கத்துல உக்காந்தார். என்ன தோணுச்சோ, எல்லாத்தையும் சொல்லிட்டேன். தலையணை, டிஸ்சார்ஜ், எல்லாம். கடவுள் மன்னிப்பார், உங்க தப்பில்ல, இந்த மாதிரி ஏதாவது சொல்லுவாருன்னு எதிர்பார்த்தேன். அவர், "அவங்க வீடு எங்க இருக்கு?"ன்னு கேட்டார்.

"எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி."

"அப்படியா"ன்னார். வேற ஒண்ணும் சொல்லல. மணி அடிச்சது, எழுந்து போயிட்டார்.

ஊருக்கு வந்த மறுநாள் போனேன். மதினி வாசல்ல உக்காந்து பாத்திரம் தேச்சுக்கிட்டிருந்தாங்க. "வாங்க தம்பி"ன்னு எழுந்தாங்க. நின்னுக்கிட்டே சொன்னேன்: "மதினி, அண்ணனை நான் அன்னைக்கு அனுப்பியிருக்கக்கூடாது. இன்னும் மூணு நாள் வச்சுப் பாத்திருக்கணும். நான் பாக்கல." அவங்க ரொம்ப நேரம் கையில இருந்த சட்டியையே பாத்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க, "அன்னைக்குச் சாயங்காலமே சோத்தை முழுங்க முடியல தம்பி. கழுத்து நிக்கலைன்னாரு. அசதின்னு நினைச்சுட்டேன்."

மன்னிச்சேன்னும் சொல்லல, திட்டவும் இல்ல. உள்ள போய் டீ போட்டுக் கொண்டு வந்தாங்க. குடிச்சு முடிச்ச பிறகு கேட்டாங்க: எஸ்டேட்ல நஷ்டஈடு கேக்க வக்கீல் ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் வேணும்ங்கறார், டிஸ்சார்ஜ் சீட்டு எங்கயோ தொலைஞ்சு போச்சு, ரெண்டு தடவை வந்து கேட்டும் கிடைக்கல, நீங்க வாங்கித் தர முடியுமா?

அந்தச் சீட்டுல "நோயாளியின் நிலை சீராக உள்ளது"ன்னு எழுதி, கீழ இருக்கறது என் கையெழுத்து. வக்கீல் அதை எப்படிப் படிப்பார்னு எனக்குத் தெரியும். நோயாளியோ அவர் சார்பா உரிமை உள்ளவங்களோ கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள பதிவேட்டு நகல் தரணும்னு 2002 மருத்துவ கவுன்சில் விதியும் தெரியும். "நாளைக்குக் கொண்டு வர்றேன் மதினி"ன்னேன்.

மறுநாள் முறைப்படி மனு எழுதி வாங்கி, கேஸ் ஷீட் மொத்தமும் நகல் எடுத்து, ட்யூட்டி முடிஞ்சு கொண்டு போய்க் கொடுத்தேன். இப்ப அந்தத் தெரு வழியாத்தான் பைக்ல போறேன். கேஸ் நடக்குது.

அம்மாவைக் கூட்டிட்டுப் போலாமான்னு கேட்டவருக்கு: தாராளமா. அம்மாவுக்கு முட்டிவலி இருந்தா கடிதத்துலயே எழுதிடுங்க.