கே.கே.பட்டி பந்தலில் பாக்!

கம்பம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, 'காமயகவுண்டன்பட்டிக்கு எந்த பஸ்?'னு முழுப் பெயரையும் சொல்லிக் கேட்டுப் பாருங்க. 'கே.கே.பட்டியா தம்பி?'னு சுருக்கித்தான் பதில் வரும். கொஞ்ச தூரம்தான். ஜன்னல் சீட் பிடிச்சு, ஹெட்போனை மாட்டிக்குங்க. போட வேண்டியது, இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' 1986-ல் வந்த ஆல்பம். சினிமா இல்லை, ஹீரோ இல்லை, பாட்டு வரிகூட இல்லை.

'தெம்மாங்கு ஊருக்குப் போறப்போ வயலின் கச்சேரியா பாஸ்?'னு முறைக்காதீங்க. ராஜாவோட பண்ணைப்புரமும் இதே தேனி மாவட்டம்தான். உத்தமபாளையம், கோம்பை தாண்டினா வந்துடும். அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகள்ல நாட்டுப்புற மெட்டுல பாடினவர். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலையே பாட்டால கலக்கினவர். தம்பிகளுக்கு அந்தக் குழுதான் முதல் காலேஜ். கம்பெனி கிடையாது, ஸ்டுடியோ கிடையாது. 'இண்டி'ங்கிற வார்த்தையே நம்ம ஊருக்கு வராத காலம்!

அப்புறம் சென்னை. தன்ராஜ் மாஸ்டர்கிட்ட மேற்கத்திய இசைப் பாடம். 1976-ல் 'அன்னக்கிளி' வந்ததும், 'கிராமத்து மெட்டுக்காரர்'னு ஒரு முத்திரை. அந்த மனுஷன் பத்து வருஷம் கழிச்சு ஒரு ஆல்பம் போட்டு, தியாகராஜருக்கும் ஜெர்மனிக்காரர் பாக்குக்கும் சமர்ப்பணம் பண்றார். என்னைக் கேட்டா, ரெண்டு பேருக்கும் சேர்த்து எழுதின லவ் லெட்டர் அது! 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'ல பாக்கோட வயலின் இசையை வி.எஸ்.நரசிம்மன் வாசிக்க, ராஜா அதைச் சுத்தித் தன்னோடதைக் கட்டுறார். அடுத்த டிராக்கோட பேரு 'அண்ட் வி ஹேட் எ டாக்'. பயபக்தியெல்லாம் இல்லை, வீட்டுக்கு வந்தவர்கூடத் திண்ணையில உட்கார்ந்து பேசுற உரிமை. இது நாட்டுப்புறமா, கர்னாடகமா, வெஸ்டர்னா? அவரே பேரு வைக்கத் தெரியலைன்னுதானே தலைப்புல கேட்கிறார்!

ஹாஸ்டல்ல 'எந்த ஊரு?'னு கேட்டா 'தேனி பக்கம்'னு முடிச்சுக்கிற ஆளா நீங்க? கிடார் எடுத்தா 'உனக்கெதுக்குடா இது'ன்னும், பறை எடுத்தா 'இன்னும் அதே ஊர்க்காரனாவே இருக்கியே'ன்னும் கிண்டல் வாங்குறீங்களா? அப்படின்னா இந்த ஆல்பம் உங்களுக்குத்தான்.

இப்போ ஜன்னலுக்கு வெளியே பாருங்க. பன்னீர் திராட்சைப் பந்தல். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின சரக்கு. வருஷம் முழுக்க அறுவடை. இந்தக் கொடியையே 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார்னு சொல்றாங்க. பள்ளத்தாக்குல ஓடுற பெரியாத்துத் தண்ணியும் மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டியது. பென்னிகுயிக் 1895-ல் அணையைக் கட்டி, மலையைக் குடைஞ்சு இந்தப் பக்கம் திருப்பிவிட்டார். ஆனா பழத்தைக் கேட்டா 'கம்பம் திராட்சை'ன்னுதான் சொல்வாங்க.

கடைசி டிராக், 'டூ எனிதிங்'. அதுக்குள்ள ஊர் வந்துடும், பஸ்ல முடிக்க முடியாது. இறங்கிப் பந்தல் ஓரமா நடந்துக்கிட்டே கேளுங்க. தோட்டத்துக்காரங்ககிட்டே கேட்டுட்டு உள்ளே போங்க, குலையில கை வைக்காதீங்க. நேரம் இருந்தா சுருளி அருவியும் பக்கம்தான். போனுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் மறக்காம!