ஏலக் கடை திறந்தால் தராசு யார் கையில்?

கோவில்பட்டியில் ஒரு கூட்டம் முடிந்து கலையும்போது நம் தம்பி ஒருவர் கேட்டார். பொறியியல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பவர். "அண்ணே, ஆன்லைன்ல ஏலம் விடுற தளம் இருக்குல்ல, அதையே இங்க ஒரு கடையாப் போட்டா ஓடுமா? சனங்க பொருளைக் கொண்டாந்து குடுக்கட்டும். நாம படம் எடுத்து ஏத்தி, ஏலம் விட்டு, கமிஷன் போக மிச்சத்தைக் கையில குடுத்திருவோம்." அன்றைக்கு நின்றபடியே ஏதோ பதில் சொன்னேன். இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பார்க்க வியாபாரக் கேள்விதான். நம்மைப் போன்றவர்களுக்கு அது சாதிக் கேள்வியும்கூட.

முதலில் வியாபாரக் கணக்கு. தம்பி சொன்ன கடையை அமெரிக்காவில் ஏற்கெனவே போட்டுப் பார்த்துவிட்டார்கள். ஈபே 1995-இல் தொடங்கியது. 2003 வாக்கில் 'ஆக்ஷன் டிராப்', 'ஐ சோல்டு இட்' என்ற பெயர்களில் தெருக் கடைகள் வந்தன. பழைய கேமராவையோ கைக்கடிகாரத்தையோ கடையில் கொடுத்துவிட்டுப் போகலாம். படம் எடுப்பது, விவரம் எழுதுவது, கட்டி அனுப்புவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. விற்ற விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கமிஷனாகப் போகும். சில ஆண்டுகளில் பெரும்பாலான கடைகள் மூடிவிட்டன. காரணம் எளிது. ஆயிரம் டாலர் பொருளுக்கும் பத்து டாலர் பொருளுக்கும் படம் எடுக்கிற வேலை ஒன்றுதான், கட்டுகிற வேலையும் ஒன்றுதான். சின்னப் பொருள் அந்தச் செலவைத் தாங்காது. அதனால் விலை தேறாத பொருளை அவர்கள் வாங்கவே இல்லை. பெரிய பொருள் வைத்திருந்தவர்களோ தாங்களே விற்கப் பழகிக்கொண்டார்கள். இந்தியாவிலும் ஈபே 2004-இல் பாஸீ.காம் தளத்தை வாங்கிக் கால் ஊன்றப் பார்த்தது. 2018-இல் ஈபே.இன் மூடப்பட்டது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஏலக் கடை சின்ன விற்பனையாளரைத்தான் முதலில் வாசலில் நிறுத்தும். கரிசலில் நம் சனம் விற்க வைத்திருப்பது இரண்டு மூட்டை உளுந்து, ஒரு மூட்டை பாசிப்பயறு, ரெண்டு ஆட்டுக்குட்டி. நாம் எல்லோருமே சின்ன விற்பனையாளர்கள்தான்.

அப்படியானால் ஆன்லைன் ஏலத்தால் நமக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. திரையில் முகம் தெரியாது, தெருவின் பெயர் தெரியாது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குப் பாபாசாகேப் வாழ்க்கையிலேயே சான்று உண்டு. கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர், 1917-இல் பரோடாவை விட்டு பம்பாய் திரும்பிய பிறகு பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு தொழிலைத் தொடங்கினார். ஆலோசகர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். தொழில் படுத்துவிட்டது. சொன்ன ஆலோசனையில் பிழை இருந்ததாக யாரும் சொல்லவில்லை. சொன்னவர் யார் என்பது தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

நூறு வருஷத்துக்கு முந்தைய கதை என்று தள்ள முடியாது. 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து, ஊர்ப்புறத் தீண்டாமை பற்றிய நூல் ஒன்று 2006-இல் வந்தது. உள்ளூர்ச் சந்தையில் தலித்துகள் பொருள் விற்கத் தடை இருந்த ஊர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்ற விடாத ஊர்கள் ஏறக்குறையப் பாதி. மாடு ஒன்றுதான், பால் ஒன்றுதான், கறந்த கைதான் அவர்களுக்குப் பிரச்சினை. இதற்கு நேர் எதிராக, 2016-இல் சந்திரபான் பிரசாத் 'தலித் ஃபுட்ஸ்' என்று பெயரையே முன்னால் போட்டு ஊறுகாயும் மசாலாவும் இணையத்தில் விற்க இறங்கினார். மறைக்காமல் நிமிர்ந்து செய்த காரியம், மதிக்கிறேன். அதே பெயர்ப் பலகையை நம் பக்கத்து ஊர்க் கடைத்தெருவில் மாட்டினால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தம்பியின் யோசனையில் உள்ள முடிச்சு இதுதான். திரை மறைத்துவைத்த முகத்தைக் கடை மறுபடி வெளியே கொண்டுவந்துவிடும்.

எங்கள் அம்மா இடைசெவல் பக்கம் குத்தகைப் புஞ்சையில் உளுந்து போடுவார். மூட்டையைக் கோவில்பட்டியில் ஒரு கமிஷன் கடைக்குக் கொண்டுபோவோம். நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலம். கடைக்காரர் கோணிக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்ப்பார். "எந்த ஊரு?" என்பார். ஊரைச் சொன்னதும் "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பார். உளுந்தின் தரத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் பதில் கிடைத்த பிறகுதான் விலை சொல்வார். ஈரம் என்று கொஞ்சம் கழிப்பார், தூசி என்று கொஞ்சம் கழிப்பார். தராசு முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்க்கும் தைரியம் அம்மாவுக்கு இருந்தது. பார்க்க விடும் இடத்தில் அவரை நிறுத்தியதில்லை.

பிறகு ஏன் அடுத்த வருஷமும் அதே கடைக்குப் போனார்? புரட்டாசியில் விதைப்புக்குப் பணம் கொடுத்தது அந்தக் கடைதான். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கச் சிட்டா, அடங்கல் வேண்டும். குத்தகை நிலத்துக்குப் பட்டா வேறொருவர் பெயரில். 1892-இல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் எங்கெங்கே யார் யார் பட்டாவில் கிடக்கிறது என்பதை இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியாகிவிட்டது. நிலம் இல்லாதவனுக்குக் கடன் இல்லை. கடன் கொடுத்தவன் சொன்னதுதான் விலை. கமிஷன் கடையின் உண்மையான சரக்கு முன்பணம். உளுந்து அதற்கான வட்டி. இதைப் புரிந்துகொள்ளாமல் எவ்வளவு நல்ல ஏலக் கடை திறந்தாலும் அம்மா போன்றவர்கள் அந்தப் பக்கம் வர முடியாது.

எட்டயபுரத்தில் சனிக்கிழமை ஆட்டுச் சந்தை கூடும். நம் தெருப் பெண்கள் வளர்த்த குட்டிகளை அங்கே ஓட்டிப்போவதற்குக் காரணம் உண்டு. வெளியூரிலிருந்து வண்டி கொண்டுவருகிற வியாபாரிக்கு நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் கிடையாது. ஆட்டைத் தூக்கிப் பார்ப்பார், விலை சொல்வார். பத்து வியாபாரி ஒரே இடத்தில் நின்றால் விலை ஏறும். ஊருக்குள்ளேயே வந்து வாங்குகிற ஒற்றைத் தரகரிடம் அந்த விலை கிடைக்காது. அந்நியர்கள் பலர் போட்டியிடுவது நமக்கு நல்லது என்பதைப் படிக்காத நம் அம்மாக்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதே தத்துவத்தில் அரசு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறது. இ-நாம் என்கிற தேசிய மின்னணு வேளாண் சந்தை. 2016 ஏப்ரல் 14 அன்று, அம்பேத்கர் பிறந்தநாளிலேயே, 8 மாநிலங்களின் 21 விற்பனைக்கூடங்களோடு தொடங்கியது. 2020-இல் ஆயிரம் கூடங்களைத் தொட்டது. ஆன்லைன் ஏலமும் உள்ளூர்க் கடையும் சேர்ந்த உருவம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். கூடத்தில் பொருளை இறக்கி, எடைபோட்டு, தரம் பார்த்து, குவியலுக்கு ஓர் எண் கொடுக்கிறார்கள். விலையைத் திரையில் கேட்கிறார்கள். நம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் அதற்கு முன்பே மறைமுக ஏலம் உண்டு. வியாபாரி விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார். விவசாயியிடம் கமிஷன் பிடிப்பதில்லை. நூற்றுக்கு ஒரு ரூபாய் கட்டணத்தை வியாபாரிதான் கட்ட வேண்டும். விலை பிடிக்கவில்லை என்றால் கிடங்கில் வைத்து, மதிப்பில் 75 விழுக்காடு வரை பொருளீட்டுக் கடன் வாங்கலாம். "எந்தப் பக்கம்?" என்று கேட்க அந்த முறையில் இடமில்லை.

நல்ல ஏற்பாடு. ஆனாலும் நம்மில் எத்தனை பேர் அந்த வாசலை மிதித்திருக்கிறோம்? இரண்டு மூட்டைக்கு லோடு ஆட்டோ பிடித்தால் வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். பணம் வங்கிக்கு வரும்வரை காத்திருக்க வீட்டில் அரிசி இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே புரட்டாசிக் கடன். பொருளீட்டுக் கடன் அறுப்புக்குப் பிறகு வருவது. நமக்குப் பணம் தேவைப்படுவது விதைப்புக்கு முன்னால்.

முகம் மறைந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் ஏலம் புதிதா என்ன? கம்மாய் மீன் ஏலம், சீமைக்கருவேல மர ஏலம் எல்லாம் ஊர் மத்தியில் நடப்பவைதான். யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது சட்டம். நம்மவர் ஒருவர் தொகையைக் கூட்டிக் கேட்டால் கூட்டம் எப்படித் திரும்பிப் பார்க்கும் என்பது நடைமுறை. ஊராட்சித் தலைவர் நாற்காலி யாருக்கு என்ற சண்டைக்குள் கம்மாய் மீன் யாருக்கு என்ற சண்டையும் இருக்கிறது. மேலவளவில் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். இந்த ஏலங்களை ஆன்லைனுக்கு மாற்றினால் முகம் தெரியாமல் கேட்டு நம்மவர் வெல்ல முடியும். சரி, வென்ற பிறகு? வலையைத் தூக்கிக்கொண்டு கம்மாய்க்கரைக்கு நேரில் போய்த்தானே ஆக வேண்டும்? பொருள் எங்கே கை மாறுகிறதோ அங்கே சாதி காத்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் நமக்குப் பாதுகாப்பும் உரிமையும் இல்லாமல் எந்தத் தொழில்நுட்பமும் முழுசாக வேலை செய்யாது.

அதனால்தான் கடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடை வேண்டும், அது நம் கையில் இருக்க வேண்டும் என்கிறேன். பக்கத்து விருதுநகரையும் சிவகாசியையும் பாருங்கள். கோயிலுக்குள் விடாமல் தடுக்கப்பட்ட நாடார்கள் தங்களுக்கென்று பேட்டை கட்டினார்கள். விற்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்தார்கள். அந்தப் பணத்தில் விருதுநகரில் 1889-இல் பள்ளிக்கூடம் எழுந்தது. பின்னால் 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியும் எழுந்தது. நம் நிலைமை வேறு, நம்மிடம் அந்த வணிக முதல் இல்லை. ஆனால் தராசும் பெட்டியும் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் விலை சொல்வார் என்ற பாடம் பொதுவானது.

இப்போது அதற்கு ஒரு வழி திறந்திருக்கிறது. 2020 ஏப்ரலில் இ-நாம் தளத்தில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கென்று ஒரு வசதி சேர்த்தார்கள். பொருளை விற்பனைக்கூடத்துக்குச் சுமந்து போகாமல், நிறுவனத்தின் சேகரிப்பு மையத்தில் வைத்தே படமும் தர விவரமும் ஏற்றி ஏலத்தில் விடலாம். தம்பி கேட்ட கடை இதுதான்! ஐம்பது வீட்டின் இரண்டிரண்டு மூட்டை சேர்ந்தால் நூறு மூட்டை. வியாபாரி தேடி வருகிற அளவு. அமெரிக்கக் கடை தாங்காத சின்னச் சரக்கு இங்கே கூட்டாகத் தாங்கும்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. சேகரிப்பு மையம் அமைத்தால் அதில் ஒன்றாவது ஆதிதிராவிடர் குடியிருப்பில் அமைய வேண்டும். எடைமேடை எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். எடைபோடவும் கணக்கெழுதவும் நம் மகளிர் குழுப் பெண்கள் அமர வேண்டும். பட்டா இல்லாத குத்தகைக்காரருக்கும் விதைப்புக் காலத்தில் முன்பணம் கிடைக்கத் தாட்கோவும் கூட்டுறவுத் துறையும் வழி செய்ய வேண்டும். உற்பத்தியாளர் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் நம்மவர் பெயர் கையெழுத்துக்காக மட்டும் இல்லாமல் முடிவெடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

தம்பி, கடை ஓடுமா என்றால் ஓடும். படம் எடுத்து ஏற்றுவது உனக்குப் பெரிய வேலை இல்லை. அதற்கு முன்னால் தெருவில் வீடு வீடாகப் போய், இந்த வருஷம் யார் எவ்வளவு விதைக்கிறார்கள், யாரிடம் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுது. புரட்டாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. எழுதி முடித்ததும் சொல். மனுவை நான் எழுதுகிறேன், சேர்ந்தே போய்க் கொடுப்போம்.