ரயில் போகும் ஊரும் ரயில் நிற்கும் ஊரும்

புளியந்தோப்பு என்ற பெயரைக் கேட்டு, குளிர்ந்த நிழலையும் புளியம்பழத்தையும் எண்ணிக்கொண்டு வருகிற நேயர்கள் ஏமாந்துதான் போவார்கள். தோப்பு என்றோ போய்விட்டது. கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய், ஊடே ஓட்டேரி நல்லா, நடுவில் ஆட்டுத்தொட்டி, டிமெல்லோஸ் ரோடு, கேசவப் பிள்ளை பூங்காக் குடியிருப்பு என்று நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் வடசென்னைப் பேட்டை இது. ஒன்றுக்கு மட்டும் இங்கே பஞ்சமில்லை: ரயில் சத்தம்! சென்ட்ரலிலிருந்து புறப்படும் வண்டிகளெல்லாம் பேசின் பிரிட்ஜைத் தாண்டித்தான் போகவேண்டும். ஆனால் சத்தத்தில் ஏறிப் பிரயாணம் செய்ய முடியுமா?

ஒரு காலத்தில் இந்தப் பேட்டைக்கு ரயிலே தேவைப்படவில்லை. 1876-இல் பக்கிங்ஹாம் மில்லும், பிறகு கர்நாடிக் மில்லும் பக்கத்திலேயே எழுந்தன. சங்கு ஊதினால் எழுந்து நடந்தே வேலைக்குப் போய்விடலாம். 1921-இல் நடந்த பெரிய வேலைநிறுத்தமும், அதையொட்டிப் புளியந்தோப்பில் மூண்ட கலகமும் சரித்திரத்தில் ஏறியவை. 1996-இல் மில் மூடப்பட்டது. சங்கு நின்றது, வயிறு நிற்குமா? வேலை தெற்கே போயிற்று. தரமணி, சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று வெகுதூரத்துக்கு அப்பால் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பின. அங்கே கம்ப்யூட்டர் தட்டுகிற பிள்ளைகளும், அந்தக் கட்டடங்களைப் பெருக்கித் துடைக்கிற தாய்மார்களும் இந்தப் பேட்டையில் இருக்கிறார்கள். பேசின் பிரிட்ஜில் ஒரு ரயில், பார்க் டவுனில் ஒரு பறக்கும் ரயில், திருவான்மியூரில் ஒரு பஸ் என்று மூன்று ஏறி இறங்கித்தான் அவர்கள் சம்பளத்தைத் தொடவேண்டியிருக்கிறது.

ஆகவேதான் புதிய மெட்ரோ பாதையைப் பற்றி இங்கே இத்தனை பேச்சு. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். ரூ. 63,246 கோடிச் செலவுக்கு மத்திய மந்திரி சபை 2024 அக்டோபர் 3-இல் அனுமதி கொடுத்தது. மூன்று பாதைகளில் ஒன்று மாதவரம் பால்பண்ணையில் தொடங்கி, பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி, புரசைவாக்கம், மயிலாப்பூர், அடையாறு வழியாகச் சிறுசேரி சிப்காட் வரை, சுமார் 45 கிலோமீட்டர். மில்லை இழந்த பேட்டைக்கும் வேலை இருக்கும் இடத்துக்கும் நேராக ஒரு கோடு! மகிழ்ச்சிதான், சந்தேகமில்லை.

எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது.

"பூமிக்கு அடியில ரயில் ஓடுதுன்றாங்களே, நைனா! அது வரைக்கும் போறதுக்கு மழைக்காலத்துல படகு வுடுவாங்களா?"

சிரித்துவிட்டு மறந்துவிடக்கூடிய கேள்வி அல்ல இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது மெட்ரோ ரயில்கள் ஓடின. ஆனால் பரங்கிமலை ஸ்டேஷனுக்குப் போகும் வழியிலேயே வெள்ளம் நின்றது. ரயில் தயார்; பிரயாணிதான் கரையில்! அதே சமயம் புளியந்தோப்புத் தெருக்களிலும் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. பெருமழை என்றால் கணேசபுரம் சுரங்கப்பாதை மூடப்படுவது இங்கே குழந்தைகளுக்கும் தெரிந்த சங்கதி.

இன்னொன்று. திட்டப் பட்டியலில் ஓட்டேரி, பட்டாளம், பெரம்பூர் பாரக்ஸ் ரோடு என்று பெயர்கள் வந்தன. எல்லாம் பேட்டையின் மேற்கு ஓரம். கிழக்கே கால்வாய்ப் பக்கம் குடியிருப்பவர் அங்கே போய்ச் சேர நடக்கவேண்டும், அல்லது ஆட்டோவுக்குக் கொடுக்கவேண்டும். இன்றைக்கு மின்சார ரயிலில் குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய். மெட்ரோவில் 10 ரூபாய். ஆட்டோவுக்கும் கொடுத்து, மெட்ரோவுக்கும் கொடுத்தால் துடைப்பம் பிடிக்கிற கையில் மிஞ்சுவது என்ன?

பூமியைக் குடைய மலைகளின் பெயர் சூட்டிய ராட்சச இயந்திரங்கள் வந்தன. மேலே இருக்கும் தெருவைச் செப்பனிட அவ்வளவு பெரிய இயந்திரம் வேண்டாம். தண்ணீர் நிற்காத நடைபாதை, விடியற்காலையில் பெண்கள் தனியே நடக்க வெளிச்சம், சந்து பொந்துகளைச் சுற்றி ஸ்டேஷனில் கொண்டுவிடும் ஒரு சின்ன பஸ், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் சேர்த்து ஏழைக்குக் கட்டுப்படியாகும் கட்டணம் — இவ்வளவுதான் கேட்கிறோம். கோடிகளோடு ஒப்பிட்டால் இது சில்லறைக் காசு. ஆனால் அந்தச் சில்லறை இல்லாவிட்டால் கோடிகள் புளியந்தோப்புக்குப் பயன்படாது.

1856-இல் தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அன்று முதல் வடசென்னை எத்தனையோ வண்டிகளை வழியனுப்பி வைத்திருக்கிறது. வழியனுப்பியது போதும், இந்த வண்டியிலாவது எங்கள் தாய்மார்களுக்கு உட்கார ஓர் இடம் கிடைக்கட்டும்!