சத்து மாத்திரைக்குப் பின்னால் ஒளிந்தவள்

மருத்துவரிடம் பொய் சொல்கிறவர்களில் நானும் ஒருத்தி. "வலி மாத்திரை எவ்வளவு போடுவீங்கம்மா?" என்று கேட்டால் "எப்பவாவதுதான் சார்" என்பேன். அப்படிச் சொல்லும்போதே என் கைப்பையில் பாதி காலியான ஓர் அட்டை இருக்கும். ஏன் பொய் சொன்னேன் என்பதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. உண்மையைச் சொன்னால் "நிறுத்துங்க" என்பார். நிறுத்தினால் ஒற்றைத் தலைவலியோடு நாற்பது பிள்ளைகளின் இரைச்சலில் நான் எப்படி நிற்பது?

பொய்யைப் பிரித்து வேறு வைத்திருந்தேன். தலைவலி மருத்துவரிடம் வயிற்றைப் பற்றிப் பேச மாட்டேன். வயிற்று மருத்துவரிடம் தலையைப் பற்றி மூச்சு விட மாட்டேன். ஆனால் இரண்டையும் முடிச்சுப் போட்டதே அந்த வலி மாத்திரைதான். வலியைக் குறைக்கிற அதே வேலையில் இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் சுரப்பையும் அது குறைத்துவிடும். நெஞ்செரிச்சல், உப்புசம், விடிகாலைக் குமட்டல் எல்லாம் அப்படி வந்தவை. வயிற்று மருத்துவர் சில வாரங்களுக்கு என்று பான்டோபிரசோல் எழுதிக் கொடுத்தார். அந்தச் சில வாரங்களை நான் வருடங்களாக்கினேன். கடைக்காரருக்கு என் முகம் தெரியும், சீட்டு கேட்க மாட்டார். "கேஸ் மாத்திரைதானே" என்று கொடுத்துவிடுவார்.

அமிலத்தை அடக்கினால் எரிச்சல் அடங்கும். ஆனால் உணவிலுள்ள புரதத்தோடு ஒட்டியிருக்கும் பி12 வைட்டமினைப் பிரித்தெடுப்பதற்கும் அந்த அமிலம் வேண்டும். பிரித்ததைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை கூட்டிக்கொண்டு போக இரைப்பை சுரக்கும் இன்னொரு புரதமும் வேண்டும். 1920களின் இறுதியில் பாஸ்டனில் வில்லியம் காஸில் என்ற இளம் மருத்துவர் இதைக் கண்டுபிடித்த விதம் கேட்கவே குமட்டும். தானே மாட்டிறைச்சியைத் தின்று, சற்று நேரம் கழித்து அதை வயிற்றிலிருந்து வெளியே எடுத்து, கடும் சோகை நோயாளிகளுக்குக் குழாய் வழியாகக் கொடுத்தார். அவர்கள் தேறினார்கள். அதே இறைச்சியை நேராகக் கொடுத்தபோது தேறவில்லை. குறை தட்டில் இல்லை, வயிற்றில் இருந்தது. நானோ தட்டையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதற்குள் தலைவலி வாரத்தில் பாதி நாள் என்றாகிவிட்டது. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கூட்டு மாத்திரைகளையும் டிரிப்டான் வகைகளையும் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்று படித்தேன். படித்த உடனே பக்கத்தை மூடினேன். அடுத்து நான் தேடியது, தலைவலிக்கு எந்தச் சத்துக் குறைவு காரணம் என்பதை.

தேடினால் கிடைக்காமல் போகுமா? 1998இல் பெல்ஜியத்திலிருந்து வந்த ஓர் ஆய்வில் 55 பேரில் ஒரு பகுதியினருக்கு ரிபோஃப்ளேவின், அதாவது பி2, தினம் 400 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்தார்கள். சாப்பிட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தலைவலி பாதியாகக் குறைந்தது. 2012இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர்களின் வழிகாட்டி இதையும் மக்னீசியத்தையும் 'அநேகமாகப் பலன் தரும்' என்ற வரிசையில் வைத்தது. இவையெல்லாம் உண்மைதான். என் பொய்க்குப் போர்வையாக எனக்கு உண்மைகளே கிடைத்தன. அதே வழிகாட்டியில் இவற்றுக்கும் மேலே இருந்த பட்டர்பர் என்ற மூலிகையை ஈரல் பாதிப்பு அச்சத்தால் பின்னாளில் விலக்கிக்கொண்டார்கள். அந்தச் செய்தியை மட்டும் கண்டும் காணாமல் விட்டேன்.

பி2 நமக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2 மில்லிகிராம் போதும். 400 போட்டால் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாகப் போகும். மருந்து வேலை செய்கிறது என்று அதைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். உடம்பு தேவையில்லை என்று கழித்ததன் நிறம் அது. மக்னீசியம் ஆக்ஸைடு பேதியாக்கியது. ஏற்கெனவே நொந்த வயிறு. அதற்கும் 'கழிவு வெளியேறுகிறது' என்று ஒரு விளக்கம் வைத்திருந்தேன். பான்டோபிரசோல் வகை மருந்துகளை நெடுநாள் எடுப்போருக்கு ரத்தத்தில் மக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011லேயே எச்சரித்திருந்தது. ஆக, ஒரு மாத்திரை எடுத்துக்கொண்டதை நிரப்ப இன்னொரு மாத்திரை. மருந்துக் கடைக்கு மாதம் தவறாமல் காணிக்கை.

ஒரு புதிய மருத்துவர் "வீட்டுல இருக்கிற எல்லா அட்டையையும் எடுத்துட்டு வாங்க" என்றார். வலி மாத்திரை அட்டைகளை மட்டும் எடுத்து ஒளித்துவிட்டுத்தான் கிளம்பினேன். சத்து மாத்திரைகளை வரிசையாகப் பார்த்துவிட்டு, "இவ்வளவுக்கும் தலைவலி குறையலேன்னா வேற ஏதோ போடுறீங்க" என்றார். அப்போதுதான் வாயைத் திறந்தேன். வலி மாத்திரையை நிறுத்திய முதல் வாரங்களில் வலி இரட்டிப்பானது. கேஸ் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தபோது அமிலமும் பழிவாங்கியது. பி12 குறைவாக இருந்ததால் ஊசி. இப்போது தலைவலி மாதத்தில் சில நாள்தான். பி2வை மருத்துவர் சொல்லித் தொடர்கிறேன். குறைந்தது அதனாலா, வலி மாத்திரையை விட்டதாலா என்று எனக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே சமயத்தில் செய்தேன்.

என் உடம்போடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். இத்தனை படித்ததில் சொந்தபந்தத்தில் எனக்கு அரை டாக்டர் என்று பெயர். பெரியம்மா சுத்த சைவம். சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின். "அசதியா இருக்குடி, படியேற முடியல" என்றார். கண்ணிமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். ரத்த அளவு ஏறியது, முகமும் தெளிந்தது. நான் பூரித்துப்போனேன். பிறகு கால் மரத்துப்போகிறது, பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருக்கிறது என்றபோது "சர்க்கரைன்னா அப்படித்தான் பெரியம்மா" என்று நானே தீர்ப்பும் சொன்னேன்.

மெட்ஃபார்மின் பி12 சேர்வதைக் குறைக்கும். சைவ உணவில் பால், தயிர் தவிர அதற்கு வழியில்லை. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தால் ரத்தம் தேறும். நரம்பு மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். சோகை இருந்திருந்தாலாவது யாராவது மேலே சோதித்திருப்பார்கள். அந்தத் தடயத்தை நான் துடைத்துவிட்டேன். வேறு எதற்கோ போன இடத்தில் ஒரு மருத்துவர் பி12 பார்க்கச் சொல்லி, ஊசி தொடங்கினார்கள். மரமரப்பு கொஞ்சம் குறைந்தது. முழுதாகப் போகவில்லை, இருட்டில் இப்போதும் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார்.

பெரியம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. கல்யாண வீடுகளில் என்னைக் காட்டி, "இவ கொடுத்த மாத்திரையிலதான் எனக்கு ரத்தம் ஊறுச்சு" என்று சொல்கிறார். நான் மறுத்ததில்லை.