சினத்திற்கும் ஒரு முன்கதை

கொட்டகையில் பார்த்த ஆங்கிலப் படத்தைப் பற்றிச் சங்க மலரில் எழுதலாமோ என்னும் தயக்கம் நமக்கு இல்லாமல் இல்லை. நாம் புலவரல்லோம், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு காலம் கழிக்கும் எழுத்தர். ஆயினும் கோப்பு நமக்குக் கற்பித்த பாடம் ஒன்றுண்டு. எந்தத் தாளுக்கும் முன்னே ஒரு தாள் இருக்கும்; அதைப் புரட்டிப் பாராமல் குறிப்பு எழுதுகிறவன் தவறியே தீருவான். இக்கட்டுரை அந்த முன்தாளைப் பற்றியதே.

2024ஆம் ஆண்டு மே மாதத்தில் கல்லூரியில் பயிலும் நம் மகள் வற்புறுத்தி நம்மை ஒரு படத்திற்கு அழைத்துச் சென்றாள். ஆஸ்திரேலிய இயக்குநர் ஜார்ஜ் மில்லர் எடுத்த 'ஃபியூரியோசா' என்பது அதன் பெயர். 2015இல் வந்த படமொன்றில் வீராங்கனையாகத் தோன்றியவளின் இளமைக் கதையை இது பின்னர் வந்து சொல்கிறது. உலகம் அழிந்து பாலையாகிவிட்ட காலம். பசுமை மாறாத ஓரிடத்திலிருந்து ஒரு சிறுமியைக் கொள்ளையர் கவர்ந்து செல்கின்றனர். மீட்க வந்த தாய் அவள் கண்முன்னே கொல்லப்படுகிறாள். சிறுமி வளர்கிறாள், இடக்கையை இழக்கிறாள், சினத்தை மட்டும் இழக்கவில்லை. இறுதியில் பகைவன் அவள் காலடியில் அகப்படுகிறான். தாயையும் குழந்தைப் பருவத்தையும் திருப்பிக் கொடு என்று கேட்கிறாள். எவராலும் கொடுக்க இயலாத பொருளன்றோ அது!

வீடு திரும்பும்போது, "இது நம் கண்ணகி கதைதானே, அம்மா! இவள் இடக்கையை இழந்தாள், அவள் இடமுலையைத் திருகி எறிந்து மதுரையை எரித்தாள்" என்றோம், சற்றுப் பெருமிதத்தோடு.

மகள் கேட்டாள்: "அப்படியென்றால் கண்ணகிக்கும் முன்கதை உண்டா, அப்பா?"

பி.ஏ. வகுப்பில் படித்த சிலப்பதிகாரத்தை அன்றிரவு அலமாரியிலிருந்து எடுத்தோம். முன்கதை இருந்தது. மதுரைக் காண்டத்தின் இறுதியில், கட்டுரைக் காதையில் இருந்தது. நகர் எரிகிறது. கண்ணகியின் எதிரே வர அஞ்சி, மதுரையின் காவல் தெய்வம் பின்புறமாக வந்து நின்று பேசுகிறது. பாண்டியர் நீதி தவறாதவர் என்று பழைய செய்திகளைச் சொல்லிவிட்டு, கோவலனின் முற்பிறப்பைத் தொடங்குகிறது. கலிங்க நாட்டில் சிங்கபுரம், கபிலபுரம் என இரு நகரங்கள். அவற்றின் அரசரிடையே பகை. சங்கமன் என்னும் வணிகன் பொருள் தேடும் ஆவலால் அணிகலன்களைச் சுமந்துகொண்டு, மனைவியோடு சிங்கபுரத்துக் கடைவீதிக்கு வருகிறான். அரசனிடம் பணிபுரிந்த பரதன், இவன் பகைவரின் ஒற்றன் என்று காட்டிக் கொடுக்க, சங்கமன் கொலையுண்கிறான். அவன் மனைவி நீலி தெருத்தெருவாக அழுது திரிகிறாள். 14 நாள் சென்றபின் மலையேறி, எமக்கு இத்துன்பம் செய்தோர் இதையே அடைக எனச் சபித்து வீழ்கிறாள். அந்தப் பரதனே கோவலன்!

இதை ஊழ்வினை என்னும் ஒரு சொல்லில் அடக்கி அப்பால் போய்விடுவது வழக்கம். நாமும் தேர்வுத்தாளில் அப்படியே எழுதினோம். இம்முறை வேறொன்று தோன்றியது. திரைப்படத்தின் முன்கதை, தலைவியின் சினத்திற்கு அவளது கண்ணீரையே காரணமாகக் காட்டுகிறது. இளங்கோவடிகளின் முன்கதையோ, கண்ணகிக்கு முன்னே அழுத இன்னொருத்தியைக் காட்டுகிறது. நீயே முதலில் அழுதவள் என்று எண்ணாதே, உனக்கு முன்னும் ஒருத்தி இதே தெருவில் நின்றாள் என்கிறது. நீதி கேட்டு நிற்பவளிடம் இதைச் சொல்லத் தெய்வத்திற்கே நெஞ்சுரம் வேண்டும்.

சங்கமன் செய்த பிழைதான் என்ன? பிழைக்க வந்தான், அவ்வளவே. வந்த ஊரில் 'அயலான்' என்று ஒரு வாய் சொன்னால் போதும். இவ்வரியை எழுதுகையில் நம் கை நிற்கிறது.

1991 டிசம்பரில் நமக்கு வயது 13. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியான மறுநாள், 12ஆம் தேதி, பெங்களூருவில் கலவரம் மூண்டது. நகரின் மேற்கே நம் தந்தையார் சிறு தையற்கடை வைத்திருந்தார். அன்று மாலை அது எரிந்தது. பொங்கலுக்கென்று பிறர் தைக்கக் கொடுத்திருந்த துணிகளும் எரிந்தன. தீக்கடவுளை ஏவிய கண்ணகிகூட முதியோரையும் குழந்தைகளையும் விலக்கச் சொன்னாள். அந்தக் கூட்டத்திற்கு அந்த நினைவும் இல்லை. எதிர்வீட்டுக் கன்னடப் பாட்டியார் நம் தாயையும் நம்மையும் தம் வீட்டின் உள்ளறையில் வைத்துக் கதவடைத்தார். வாசலில் நாற்காலியிட்டு இரவெல்லாம் தாமே அமர்ந்திருந்தார். 'அஜ்ஜி' என்றே அவரை அழைத்தோம். அன்றிரவு அவர் தந்த ராகி முத்தையின் சூடு இன்னும் கையில் இருக்கிறது.

ஆனால் நாம் நெடுங்காலம் நினைவில் வைத்திருந்தது அஜ்ஜியை அன்று, தீயைத்தான். அதற்கு ஒரு சான்றும் உண்டு. 2003ஆம் ஆண்டு, நீரின்றி இரு மாநிலமும் வாடிய காலம். மண்டியா மாவட்டத்துப் பெரியவர் ஒருவர் தம் ஓய்வூதியத் தாள்களோடு நம் மேசைக்கு வந்தார். மேசையிலேயே சரி செய்யக்கூடிய சிறு குறை ஒன்றிற்காக அவரை இருமுறை திருப்பி அனுப்பினோம். விதியைக் காட்டினோம், உள்ளே எரிந்தது கடை. மூன்றாம் முறை வந்தவர், கால்வாயில் நீர் வரவில்லை, விதைக்கவில்லை, இப்பணத்தை நம்பியே வீடு இருக்கிறது என்று கன்னடத்தில் மெல்லச் சொன்னார். குரலில் சினமே இல்லை. அன்றே முடித்துக் கொடுத்தோம். கைகூப்பிச் சென்றார். நாம்தான் தலைநிமிரவில்லை.

பின்னரே அவர்கள் பக்கத்து முன்தாளைப் புரட்டினோம். ஆங்கிலேயர் ஆண்ட சென்னை மாகாணத்திற்கும் மைசூர் சமஸ்தானத்திற்கும் இடையே 1892இலும் 1924இலும் ஏற்பட்ட ஒப்பந்தங்கள் தங்களைக் கட்டிப்போட்டன என்பது அவர்கள் மனக்குறை. வழிவழியாய்ப் பாய்ந்த நீர் குறைந்தால் தஞ்சைக் குறுவை என்னாகும் என்பது நம்மவர் கவலை. எரித்தவர் செயலை இவை எதுவும் நியாயமாக்காது. ஆயினும், நமக்கு முன்னும் ஒரு நீலி அழுதிருக்கிறாள் என்று அறிந்த பிறகு, தீ பழையபடி எரிவதில்லை.

கண்ணகியின் கதை மதுரையில் முடியவில்லை. வஞ்சிக் காண்டத்தில் தெய்வமாய்த் தோன்றும் அவள், பாண்டியன் தீதற்றவன் என்கிறாள். தன்னை அவன் மகளென்றே சொல்லிக் கொள்கிறாள். கணவனைக் கொன்ற கோமகனுக்கு மகளாவது! இதற்கு ஈடான முடிவை வேறெந்தப் பழிக்கதையிலும் நாம் கண்டதில்லை. அந்தத் திரைப்படமும் தன் வழியில் ஓரளவு நெருங்கி வருகிறது: தாய் கொடுத்த பழக்கொட்டை பகைவன் உடலில் வேரூன்றி மரமாகிறது. ஆனால் அங்கே தண்டனைதான் மரமாகிறது. இங்கே சினம் உறவாகிறது.

நம் ஊரிலும் அப்படியொன்று நிகழ்ந்தது. அல்சூர் ஏரிக்கரையில் 18 ஆண்டுகள் மூடியே கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. 2016 செப்டம்பரில் மீண்டும் வண்டிகள் எரிந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆதலால் முன்கதையைச் சொல்லும் பொறுப்பு ஓய்ந்துவிடவில்லை.

தந்தையார் தம் கடையைப் பற்றி இறுதிவரை பேசவில்லை. நாமும் மகளிடம் மறைத்தே வைத்திருந்தோம். அன்றிரவு சொன்னோம்: கடையை, அஜ்ஜியை, மண்டியாப் பெரியவரை, நம் சிறுமையை. தீயை மட்டும் சொல்லி அஜ்ஜியை விட்டுவிட்டால், நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுப்பது பாதிக் கோப்பு.

கேட்டு முடித்தபின் மகள், "அஜ்ஜியின் வீடு இன்னும் இருக்கிறதா, அப்பா?" என்றாள்.

இருக்கிறது. பேரன் குடியிருக்கிறார். அடுத்த ஞாயிறன்று இருவரும் சென்று வந்தோம்.