அழைத்தலும் கேட்டலும்

வானொலி என்றவுடன் நம்மவர் மனத்திலே தோன்றுவது கேட்கும் கருவி ஒன்றேயாகும். செய்தி கேட்டோம், பாட்டுக் கேட்டோம், நாடகமும் மரண அறிவித்தலும் கேட்டோம். பெட்டி பேசும், நாம் செவிமடுப்போம் என்பதே அதற்கும் நமக்கும் இடையே நெடுங்காலம் நிலவிய உறவு. தேர்வெழுதி உரிமம் பெற்ற ஒருவர் தம் வீட்டு அறையிலிருந்தே கடல் கடந்த மனிதரைக் கூப்பிடலாம், அவரும் விடை சொல்லலாம் என்ற செய்தி நம்மிற் பலரை இன்னும் எட்டவில்லை. 'கலைப்பீடத்திலே வரலாறு படிக்கும் உமக்கு இதில் என்ன வேலை?' என்று நண்பர்கள் என்னை வினவுவதுண்டு. அவர்களுக்குரிய விடையாகவும், இத்துறையிற் புதிதாகப் புக விரும்புவோருக்கு ஒரு சிறு துணையாகவும் இக்கட்டுரையை எழுத முற்படுகிறேன்.

அமெச்சூர் வானொலி என்பது ஊதியங் கருதாது, ஆர்வம் ஒன்றையே முதலாகக் கொண்டு தனியார் நடத்தும் வானொலித் தொடர்பாகும். இதில் ஈடுபடும் ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக்குறி உண்டு. அக்குறியின் முதலெழுத்துக்களே நாட்டைக் காட்டிவிடும். 4எஸ் என்று தொடங்கினால் இலங்கை; ஜேஏ என்று தொடங்கினால் யப்பான். இவர்கள் தமக்குள்ளே நடத்தும் போட்டிகளுட் பெரியதொன்று சீக்யூ உலகப் போட்டி. 'சீக்யூ' என்பது தந்தி ஊழியர் காலத்திலிருந்து வழங்கிவரும் குறி; எல்லா நிலையங்களையும் பொதுவாக அழைக்கிறேன் என்பது அதன் பொருள். ஒக்ரோபர் மாதத்தின் கடைசி முழு வார இறுதியிலே குரல்வழிப் போட்டியும், நவம்பரின் கடைசி முழு வார இறுதியிலே மோர்ஸ் குறிவழிப் போட்டியும் நடைபெறும். ஒவ்வொன்றும் 48 மணி நேரம் நீடிப்பது. சர்வதேச நேரப்படி சனிக்கிழமை பிறக்கும் கணத்திலே தொடங்குவதால், நமக்கு அது சனி காலை 5.30 மணியிலிருந்து திங்கள் காலை 5.30 மணி வரையாகும்.

விதி எளியது. இருவர் தத்தம் அழைப்புக்குறியையும், மற்றவர் குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதற்குரிய எண்ணையும், தம் வலய எண்ணையும் பரிமாறிக்கொண்டால் ஒரு தொடர்பு நிறைவுறும். உலகம் 40 வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இலங்கையும் இந்தியாவும் மாலைதீவும் 22ஆம் வலயத்தைச் சேர்ந்தவை. ஆகவே எம் வாயிலிருந்து 48 மணி நேரமும் வருவது 'ஐம்பத்தொன்பது, இருபத்திரண்டு' என்பதே. வேறு கண்டத்தாரோடு கொள்ளும் தொடர்புக்கு 3 புள்ளிகள். நம் கண்டத்தின் வேறு நாட்டுக்கு 1 புள்ளி. சொந்த நாட்டுக்குப் புள்ளியே இல்லை. ஒவ்வோர் அலைவரிசையிலும் புதிதாகக் கிடைக்கும் நாடுகளும் வலயங்களும் கூட்டப்பட்டு, அக்கூட்டுத்தொகையாற் புள்ளிகள் பெருக்கப்படும்.

இப்போட்டியிலே இயங்கும் வழி இரண்டு. அலைவரிசை நெடுகிலும் தேடிச் சென்று, பிறர் அழைக்கும் அழைப்புக்கு விடை கூறுதல் ஒன்று. ஓரிடத்திலே நிலைகொண்டு தாமே அழைத்து, பிறரைத் தம்மிடம் வரச் செய்தல் மற்றொன்று. புதியவர் பெரும்பாலும் முதல் வழியையே பற்றிக்கொள்வர். அதிலே ஆபத்துக் குறைவு. விடை கூறியும் அவர் கேளாவிட்டால் அடுத்தவரிடம் போகலாம். ஆனால் மணிக்கணக்காகத் தொடர்புகள் இடையறாது வந்துகொண்டிருக்க வேண்டுமாயின் இரண்டாம் வழியே வழி. அதற்கு வேண்டியது துணிவு என்றே நான் எண்ணியிருந்தேன். துணிவைக் காட்டிலும் அரிய வேறொன்று வேண்டும் என்பதே இப்போட்டி எனக்குத் தந்த பாடம்.

அப்பாடத்தின் அருமை விளங்க எங்கள் ஊரைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மின்சாரமும் மின்கலமும் அற்றிருந்த 1990களில், சைக்கிளை நிறுத்திவைத்து மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்திலே வானொலி கேட்ட தலைமுறை என் தந்தையாருடையது. ஒருவர் சுழற்றுவார், முற்றத்திலே பத்துப்பேர் கூடியிருந்து இலண்டன் செய்தி கேட்பர். சுழற்றுபவரின் கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். தம்மைப் பற்றிய செய்தியையே தொலைநாட்டார் வாயிலாகக் கேட்டறிந்த மக்கள் அவர்கள். கேட்டவற்றுக்கு ஒரு சொல் மறுமொழி கூறவும் அவர்களுக்கு வழியிருக்கவில்லை. அக்கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, பேசவும் வல்ல ஒரு வானொலியைக் கண்டபோது ஏற்பட்ட ஈர்ப்பு வெறும் பொழுதுபோக்கின் ஈர்ப்பன்று.

அதனைக் காட்டியவர் எங்கள் ஊரில் வாழும் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர். ஊரார் அவரை மாஸ்ரர் என்றே அழைப்பர். நான் உரிமம் பெற்ற பின் கலந்துகொண்ட முதற் போட்டி, 2024 ஒக்ரோபர் 26, 27ஆம் திகதிகளில் நடைபெற்ற குரல்வழிப் போட்டி. சூரியன் தன் பதினோராண்டுச் சுழற்சியின் உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதென நாசா அறிவித்த மாதமும் அதுவே. சூரியனிலே புள்ளிகள் மிகும்போது வளிமண்டலத்தின் மேலடுக்குச் செறிந்து, 10 மீற்றர் போன்ற குறுகிய அலைகளையும் பூமிக்குத் திருப்பி அனுப்பும். அப்போது சிறிய நிலையத்தின் குரலும் கண்டம் கடக்கும்.

மாஸ்ரரின் நிலையம் 100 உவாற்று வலுவுடையது. உலகின் பெரிய நிலையங்கள் 1500 உவாற்று வரை பயன்படுத்துவன. பதினைந்து மடங்கு என்றதும் நான் மலைத்தேன். 'அது கேட்பவருடைய அளவுமானியில் இரண்டு படிதான், பிள்ளை' என்றார் அவர். கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை. வலு நான்கு மடங்காகும்போதே அம்மானி ஒரு படி ஏறுகிறது. வலுவிலும் முக்கியமானது கம்பி கட்டப்பட்ட திசை. அலைநீளத்திற் பாதியான ஐந்து மீற்றர்க் கம்பிகள் இரண்டைத் தென்னைகளுக்கிடையே குறுக்கும் மறுக்குமாகக் கட்டியிருந்தார். இத்தகைய கம்பி தன் இருமுனைத் திசைகளிலே வலுக்குன்றியும், பக்கவாட்டிலே வலுமிக்கும் இயங்கும். வடமேற்கு - தென்கிழக்காகக் கட்டிய கம்பி வடகிழக்கிலுள்ள யப்பானைப் பார்க்கும். அதற்குக் குறுக்கானது வடமேற்கிலுள்ள ஐரோப்பாவையும் எதிர்ப்புறத்து அவுஸ்திரேலியாவையும் பார்க்கும். காலையில் ஒன்று, பிற்பகலில் மற்றையது.

அடுத்தது இடந்தேர்தல். பெரிய நிலையங்கள் செறிந்த பகுதியிலே சிறியவர் நிலைகொள்ள முடியாது. அவர் குரல் அமுங்கிவிடும். 10 மீற்றர் அலைவரிசை மிக அகன்றதாதலின், அதன் மேற்பகுதியிலே வெற்றிடம் கிடைப்பது எளிது. வெற்றிடமெனக் கண்டாலும் உடனே அழைத்தல் தகாது. 'இவ்விடத்தில் எவரேனும் உள்ளீரா?' என்று இருமுறை வினவி, விடை வாராவிடிலே அவ்விடத்தைக் கொள்ளலாம். அயலவர் வேலிக்கு அளிக்கும் மதிப்புப் போன்றதே இதுவும்.

சனி காலை எட்டு மணியளவில் அவ்வாறு ஓரிடத்தைப் பிடித்து அழைக்கத் தொடங்கினேன். ஒலிவாங்கியை நெருங்கி உரத்த குரலெடுத்தபோது மாஸ்ரர் கையமர்த்தினார்.

'பிள்ளை, கத்தாதையும். கத்தினால் சொல் சிதையுமே ஒழியத் தூரம் போகாது. ஆறுதலாச் சொல்லும். சொல்லிப்போட்டு வாயை மூடிக் கேளும்.'

நீண்ட அழைப்புப் பயனற்றது. அலைவரிசையிலே தேடிச் செல்பவர் ஓரிடத்தில் இரண்டு மூன்று விநாடிகளே தங்குவார். அதற்குள் நம் அழைப்புக்குறி அவர் செவியிற் படவேண்டும். அவர் விடை கூறுதற்கு மௌனமும் கிடைக்கவேண்டும். ஆகவே 'சீக்யூ', அழைப்புக்குறி இருமுறை, பின் மூன்று விநாடி மௌனம், மீண்டும் அதுவே. அம்மூன்று விநாடி மௌனம் இருக்கிறதே, புதியவருக்கு அதுதான் கடினம். எவரும் விடை சொல்லாத மௌனத்திலே அமர்ந்திருப்பது கூச்சந் தருவது. ஆயினும் விடைகள் யாவும் அம்மௌனத்தின் வழியேதான் வரவேண்டும்.

முதலில் ஒருவர் வந்தார், ஒசாக்காக்காரர். அவருக்குப்பின் இருவர். பத்தாவது நிமிடத்திலே ஒரே கணத்திற் பல குரல்கள் ஒன்றன்மேலொன்றாக விழுந்தன. அப்பெருங்கூச்சலில் 'கிலோ' என்ற ஒரு சொல் மாத்திரமே எனக்குப் பிடிபட்டது. பிடிபட்டதைப் பற்றிக்கொள்ளும்படி மாஸ்ரர் சைகை செய்தார். 'கிலோ உள்ள நிலையம் மாத்திரம்' என்றேன். இருவர் ஓய்ந்தனர், மூன்றாமவர் ஓயாது தம் குறியையே முழங்கினார். அவருடைய குரலே வலியது. அவரைப் பதிந்துவிட்டு மேலே செல்வது எளிது. ஆனால் அவருக்கு அன்று வழிவிட்டால், முழங்கினாற்றான் இந்நிலையத்திலே இடமுண்டென்று காத்திருந்த அனைவரும் அறிந்துகொள்வர். பின் எல்லோரும் முழங்குவர், ஒழுங்கு குலையும், மணிக்கு அறுபது பேர் வரக்கூடிய இடத்திலே பதினைந்து பேர் வருவதும் அரிதாகும். ஆகவே மெலிந்த குரலுக்குரிய அந்தக் 'கிலோ'வை மூன்றுமுறை கேட்டு, முழுக்குறியையும் பெற்று, எண்களைப் பரிமாறிய பின்னரே அடுத்தவரை ஏற்றேன். வலியவர் பொறுத்திருந்தார். ஒழுங்கு உண்டென்று தெரிந்தால் வலியவரும் பொறுப்பர் என்பதை நான் அரசறிவியல் நூலிலன்றி வானலையிலே கண்டேன்.

ஒவ்வொரு தொடர்பின் முடிவிலும் 'நன்றி' என்று கூறி என் அழைப்புக்குறியையும் சொல்வேன். அந்நன்றியே அடுத்தவருக்குரிய அழைப்பாகிவிடும். குறியைச் சொல்லாது விட்டால், புதிதாக வந்து நிற்பவர் இது யாரென அறியாது அகன்றுவிடுவார். ஒரே சொல், ஒரே ஒழுங்கு, ஒரே வேகம் என்றிருந்தால், வரிசையில் நிற்பவர் தம் முறை எப்போதென ஊகித்து உரிய கணத்திலே பேசுவர். அக்காலை ஒன்பதிலிருந்து பத்து வரை 58 தொடர்புகள் பதிவாயின. ஆசியக் கண்டத்தாராதலின் ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளியே. மூன்று புள்ளிக்குரிய ஐரோப்பா பிற்பகலிலே திறக்கும் என்று காத்திருந்தோம்.

பிற்பகலிலே திறந்தது வானத்து மழை. ஒக்ரோபரில் நம் நாட்டுப் பிற்பகல்களுக்கு இடிமின்னல் வழமையே. மின்னல் கண்டவுடன் கம்பியைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட்டு, இரண்டரை மணி நேரம் விறாந்தையிலே தேநீரோடு அமர்ந்திருந்தோம். ஐரோப்பா முழுவதும் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருக்க நாங்கள் ஊமையராயிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அக்குறையை ஈடுசெய்தது. புதியவர் அறியவேண்டிய மற்றொரு செய்தி இதிலுண்டு. முதல் நாளிலேயே பெரிய நிலையங்கள் ஒன்றையொன்று தொடர்புகொண்டு தீர்த்துவிடும். ஓர் அலைவரிசையில் ஒருவரோடு ஒருமுறைதான் புள்ளி பெறலாம். ஆகவே இரண்டாம் நாளிலே அவர்கள் புதிய குரல்களைத் தேடி அலைவர். முதல் நாள் எவருக்கும் வேண்டாதிருந்த சிறிய நிலையம் இரண்டாம் நாள் அனைவருக்கும் வேண்டியதாகும். அன்று பிற்பகல் வானம் வெளித்திருந்தது. இத்தாலியும் ஜேர்மனியும் பின்லாந்தும் போலந்துமாக வந்து நின்றோரின் வரிசை பொழுதுபடும் வரை அறவில்லை. சோர்ந்து சனியிரவே கருவியை அணைத்துவிடும் புதியவர் இழப்பது இதனையே.

இரு நாளிலும் நான் பெற்றவை 437 தொடர்புகள். உலகப் பட்டியலிலே இது பெருந்தொகையன்று. ஆயினும் இது வெறும் எண் விளையாட்டன்று என்பதற்கு 2004ஆம் ஆண்டு சான்று. அவ்வாண்டு டிசெம்பரில் ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் ஒரு குழு அந்தமான் தீவுகளிலிருந்து உலகை அழைத்துக்கொண்டிருந்தது. நெடுங்காலம் அமெச்சூர் வானொலி ஒலியாத தீவுகளாதலின் அவர்கள் குரலுக்கு உலகமே திரண்டு விடையளித்தது. டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து தொடர்புகள் யாவும் அறுந்தபோது, அதே அறையும் அதே கருவியும் துயர்ச் செய்தி சுமக்கும் நிலையமாயின. கூச்சலினூடே ஒரு குறியைப் பிரித்துக் கேட்கப் பழகிய செவி, இப்போது உறவினரைத் தேடுவோரின் பெயர்களைப் பிரித்துக் கேட்டது. நமது நாட்டிலும் அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்கு அமெச்சூர் வானொலியாளர் செய்தி அனுப்பினர். அதே அலைகள் எமது வடமராட்சி கிழக்கின் கரையையும் அழித்தன. அங்கிருந்து எழுந்த குரல்களை அன்று யார் கேட்டார் என்ற எண்ணம் எனக்கு அடிக்கடி வருவதுண்டு.

நண்பர்களுக்கு என் விடை இதுவே. பேச்சுரிமையைப் பற்றி நாம் மேடைகளிலே நிறையப் பேசுகிறோம். பட்டிமன்றத்தில் வலிய குரல் கைதட்டல் பெறுகிறது. மெலிந்த குரலுக்காக மூன்றுமுறை நின்று கேட்பார் அங்கு அரியர். உரக்க அழைத்தவருக்கன்றி, தெளிவாக அழைத்துப் பொறுமையாகக் கேட்டவருக்கே விடை இடையறாது வருகிறது என்பதை நான் தென்னைகளுக்கிடையே கட்டிய ஐந்து மீற்றர்க் கம்பியிலே கற்றேன். நெடுங்காலம் கேட்டுக்கொண்டே இருந்த ஊர் எங்களுடையது. அந்தப் பழக்கம் எங்கள் குறையென்றே முன்பு எண்ணியிருந்தேன். அழைக்கத் தொடங்கிய பின்னர், அதுவே எங்கள் முதல் என்று தோன்றுகிறது. ஊரிலே உரிமத் தேர்வுக்கு இப்போது மேலும் இரு மாணவர் படிக்கின்றனர். மோர்ஸ் குறிவழிப் போட்டிக்கு அவர்களையும் அழைத்துக்கொண்டு வரும்படி மாஸ்ரர் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு முதலிற் கற்பிக்கவேண்டியது எது என்பதில் எங்கள் இருவருக்கும் ஐயமில்லை.