பூஜ்யமும் ஒரு பதில்தான்!

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். பால் கணக்குக்காக என் மாமியார் மாட்டி வைத்தது. ஒரு பாக்கெட் வாங்கினால் 1, விருந்தாளி வந்தால் 2. பால் வேண்டாம் என்று சொன்ன நாளில் கட்டத்தை வெறுமனே விடமாட்டார். 0 என்று எழுதுவார்.

“எதுக்கு அத்தை இது?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சும்மா விட்டா, வாங்கலையா, இல்ல எழுத மறந்துட்டேனான்னு மாசக் கடைசியில எப்படித் தெரியும்?” என்றார். சிரித்துவிட்டுப் போய்விட்டேன். அந்தப் பதிலின் அருமை புரிய எனக்கு ஒரு போன் வரவேண்டியிருந்தது.

நான் வீட்டிலிருந்தே வெப்சைட் செய்துகொடுக்கும் வேலை பார்க்கிறேன். போன வருடம் ஓர் அறக்கட்டளைக்காக, கல்லூரி மாணவர்களுக்கான உதவித்தொகை விண்ணப்பத்தை ஆன்லைனில் செய்து கொடுத்தேன். சந்தேகம் கேட்க என் நம்பரையே கீழே போட்டிருந்தார்கள்.

கடைசித் தேதி அன்று மத்தியானம் ஒரு அம்மா பேசினார். “மேடம், பொண்ணுக்காக கம்ப்யூட்டர் சென்டர்ல உட்கார்ந்திருக்கோம். அப்பா வருமானம் போடுங்குது. அவர் இறந்து மூணு வருஷமாச்சு. கோடு போட்டா நம்பர்தான் போடணுங்குது. பூஜ்யம் போட்டா, நிரப்பவே இல்லங்குது. என்ன செய்யட்டும்?”

“சரியா டைப் பண்ணியிருக்க மாட்டீங்கம்மா. இன்னொரு தடவை பாருங்க” என்றேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

“நாலு தடவை பார்த்துட்டோம் மேடம். ஒவ்வொரு தடவையும் எழுதினது எல்லாம் அழிஞ்சுபோய், முதல்ல இருந்து நிரப்ப வேண்டியிருக்கு.”

கம்ப்யூட்டரைத் திறந்து, 48000 என்று போட்டுப் பார்த்தேன். உடனே ஏற்றுக்கொண்டது. வேலையை முடித்துக் கொடுக்கும் முன்பும் இப்படித்தான் 48000, 60000 என்று போட்டு சோதித்திருந்தேன். அப்பா இல்லாத ஒரு பிள்ளை இதை நிரப்பும் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. 0 போட்டேன். ‘தந்தையின் ஆண்டு வருமானத்தை நிரப்பவும்’ என்று சிவப்பில் வந்து நின்றது.

இணைய விண்ணப்பங்களில் பொதுவாக இரண்டு சோதனை உண்டு. ஒன்று நம் திரையிலேயே நடக்கும். அதை யாரும் சுலபமாகத் தாண்டிவிடலாம் என்பதால், அனுப்பிய பிறகு சர்வரில் மறுபடி ஒரு சோதனை நடக்கும். வாசல் காவலாளி பார்த்து அனுப்பினாலும், உள்ளே ஆபீஸில் மறுபடி சரிபார்ப்பார்களே, அதுபோல. என் வாசல் காவலாளி அந்தப் பூஜ்யத்தை உள்ளே விட்டுவிட்டார். தடுத்தது உள்ளே இருந்தவர்.

நான் எழுதியது பிஎச்பி என்ற மொழியில். ஒரு கட்டம் காலியா என்று பார்க்க அதில் ‘எம்ப்டி’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒன்றும் எழுதாவிட்டாலும் காலி என்று சொல்லும். 0 எழுதினாலும் காலி என்றுதான் சொல்லும். இது ரகசியம் ஒன்றும் இல்லை, அந்த மொழியின் கையேட்டிலேயே இருக்கிறது. படித்தும் இருக்கிறேன். ஆனால் கை, பழக்கத்தில் எழுதிவிட்டது.

அந்த வரியை மாற்றினேன். இப்போது வேறு சிவப்பு எழுத்து: ‘எண் மட்டுமே எழுதவும்’. முழு எண்தானா என்று பார்க்கும் அடுத்த சோதனை, சரியாக இருந்தால் அந்த எண்ணையே திருப்பித் தரும். 0 சரிதான் என்று 0-வைத் திருப்பித் தந்திருக்கிறது. அதை ‘தப்பு’ என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தவள் நான். அதையும் திருத்தினேன். பிழை வந்தாலும், ஏற்கெனவே நிரப்பியவை அழியாதபடி செய்தேன். எல்லாம் முடிய ஒரு மணி நேரம்.

அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். “போயிடுச்சு மேடம், ரொம்ப நன்றி” என்றார். தப்பு செய்தவளுக்கு நன்றி!

அதற்குப் பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. விண்ணப்பம் திறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. சர்வர் தள்ளிவிட்ட விண்ணப்பம் எதுவும் எங்கும் பதிவாவதில்லை. திரும்பிப் போன பிள்ளைகள் எத்தனை பேர், யார் யார்? எனக்குத் தெரிய வழியே இல்லை. உதவி யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களைத்தான் சரியாகப் பொறுக்கி வெளியே தள்ளியிருக்கிறேன்.

சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அன்று சாயங்காலமே அறக்கட்டளைக்குப் போன் செய்து, “தப்பு என்னுடையது. தேதியை நீட்டித்துக் கொடுங்கள்” என்றேன். கொஞ்சம் கடிந்துகொண்டார்கள். பிறகு ஒரு வாரம் நீட்டித்து, கல்லூரிகளுக்கும் தகவல் அனுப்பினார்கள்.

அந்த வாரம் வந்த விண்ணப்பங்களில் நிறைய பூஜ்யங்கள். அவற்றைப் பார்த்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. பழைய பட்டியலைப் புரட்டியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. சிலர் அப்பாவின் ஆண்டு வருமானம் 1 ரூபாய் என்று எழுதியிருந்தார்கள். 0 போகாததால், யாரோ சொல்லிக்கொடுத்த வழியாக இருக்கும். இல்லாத அப்பாவுக்கு ஒரு ரூபாய் சம்பளம் போட வைத்திருக்கிறது என் புரோகிராம்.

அறக்கட்டளையிடம் பேசி விண்ணப்பத்தையும் மாற்றினோம். இப்போது முதலில் ‘தந்தை இருக்கிறாரா?’ என்றுதான் கேட்கும். இல்லை என்றால் வருமானக் கட்டமே வராது.

தோழிகளே, ஒரு ஆன்லைன் விண்ணப்பம் உங்கள் பதிலை ஏற்காவிட்டால், ‘நமக்குத்தான் தெரியவில்லை’ என்று எழுந்து போய்விடாதீர்கள். திரையை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, அதிலுள்ள நம்பருக்குப் போன் செய்யுங்கள். அந்த அம்மா அன்று கூப்பிட்டதால்தான் மற்ற பிள்ளைகளுக்கும் வழி திறந்தது.

நானும் இப்போது எதைச் செய்தாலும் முதலில் 0 போட்டுத்தான் சோதிக்கிறேன். மாமியாரிடம் முழுக்கதையையும் சொன்னேன். “அதான் அன்னைக்கே சொன்னேனே” என்று சொல்லிவிட்டு, காலண்டரில் அன்றைய பாலைக் குறிக்கப் போய்விட்டார்.